படம் காட்டாதீர்கள்!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யந்திரங்களுக்கு விரோதி அல்ல. இந்தக் கட்டுரையைக்கூட மடிக்கணினியில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். கையால் எழுதி அனுப்பிய காலத்தில் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அச்சுக்கூடத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் லீவு போட்டால் என் தொடர்கதையும் லீவு போடும். அந்தச் சங்கடத்திலிருந்து என்னையும் அச்சுக்கூடத்தையும் காப்பாற்றியது இந்த யந்திரம். அதற்கு நான் நன்றி கெட்டவன் ஆகமாட்டேன். ஆகவே, "பழம்பெருமை பேசும் கிழம்" என்று சொல்லி என் கட்சியைத் தள்ளிவிட நினைப்பவர்கள் வேறு வழி பார்க்கட்டும்.

என் சண்டை யந்திரத்தோடு அல்ல. பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பில், இலக்கியப் பாடம் என்று பெயர் எழுதியிருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில், அதைக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதோடுதான்.

சென்ற ஆண்டு கடலோர மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் பேசப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குற்றம் சொல்ல அந்த ஊர் ஒன்றும் தனியாகச் செய்துவிடவில்லை. விழா மாலையில். காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால், ஆங்கில ஆசிரியை என்னைத் தம் வகுப்புக்கு அழைத்தார். இளம் வயது. உற்சாகம் நிறைந்தவர். "எங்க ஸ்மார்ட் கிளாஸை நீங்க அவசியம் பார்க்கணும் சார்" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள் இருக்கலாம். சுவரில் வெண்திரை, மேஜைமேல் மடிக்கணினி, உத்தரத்தில் புரொஜெக்டர். வகுப்பு ஆரம்பமாகுமுன் இரண்டு பையன்கள் எழுந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். வெளிச்சம் வந்தால் திரையில் படம் தெரியாதாம். மின்விசிறி புழுக்கத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது.

பாடம், தோரு தத் எழுதிய கவிதை. 'நம் சவுக்கு மரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 2019-ல் வந்த நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம் பெற்றது.

திரையில் ஒரு மரம் வந்தது. வயலின் ஒலித்தது. கனத்த ஆண் குரல் ஒன்று, உச்சரிப்பைக் கேட்டால் கடல் கடந்த குரல்தான், பாட்டைப் படித்தது. அடிக்கு ஒரு படம்: பாம்பு, பூ, குரங்கு, குளம், அலை. பிறகு கவிஞரின் வாழ்க்கை நான்கு வரியில். பிறகு கருத்துச் சுருக்கம் ஐந்து புள்ளிகளில். விளக்கைப் போட்டு, அந்த ஐந்தையும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு எந்த அடியில் உவமை, எந்த அடியில் உருவகம். கடைசியில் பொதுத் தேர்வு வினாக்கள். எல்லாம் சேர்ந்து அரை மணிக்குள் முடிந்துவிட்டது. பாடப் புத்தகம் ஒருவர் கையிலும் திறந்திருக்கவில்லை. திறக்க அவசியமும் இருக்கவில்லை.

மிச்ச நேரத்தில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார் ஆசிரியை. பேசுவதற்குப் பதிலாக நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"இந்தப் பாட்டிலே வருகிறதே, அது என்ன மரம்?"

"கேஷுவரைனா!" நாற்பது குரல்.

"தமிழில்?"

ஒரு சத்தமும் இல்லை.

ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். சாலைக்கு அப்பால் வரிசை வரிசையாகச் சவுக்குத் தோப்பு. அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் அதைக் கடந்துதான் வருகிறார்கள். காற்றில் அது போடும் ஓசை வகுப்புக்குள் நன்றாகக் கேட்டது. "அதுதான்" என்றேன். கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார். "நான் உள்நாட்டுப் பக்கம் சார், எனக்கே தமிழ்ப் பேர் தோணலை" என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அப்படின்னா பாட்டுல வர்றது பொய் சார்."

"எப்படியம்மா?"

"கொடி மரத்தைச் சுத்தி உச்சி வரைக்கும் ஏறியிருக்குன்னு வருது. சவுக்குல அவ்வளவு நாள் யாரும் விட்டு வைக்க மாட்டாங்க. நாலு அஞ்சு வருஷத்துல வெட்டிடுவாங்க. எங்கப்பா வெட்டற வேலைக்குத்தான் போறாரு."

என்னிடம் இதற்குப் பதில் இல்லை. நானும் அந்தக் கவிதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இந்தச் சந்தேகம் எனக்கு வந்ததில்லை. நான் சவுக்கைக் கம்பாகவும் விறகாகவும் கண்டவன். மரமாக வைத்து யோசித்தவன் அல்ல. பின் பெஞ்சுப் பையன் ஒருவன்தான் உதவிக்கு வந்தான். "அது அவங்க வீட்டுத் தோட்டத்து மரம். விக்கறதுக்கு வளர்த்தது இல்லே" என்றான்.

அந்தப் பெண் உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்து ஒரு முறை வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவங்க அண்ணன், அக்கா எல்லாம் அதுக்குக் கீழேதான் விளையாடினாங்க... அதனாலதான் வெட்டாம வெச்சிருந்தாங்களா சார்?"

நான் திரையைப் பார்த்தேன். ஐந்து புள்ளிகளும் இன்னும் அதில் இருந்தன. அவள் கேட்ட விஷயம் மூன்றாவது புள்ளியாக அச்சுப் பிசகாமல் அங்கே இருந்தது: மரம் அழகுக்காக அல்ல, நினைவுக்காகவே கவிஞருக்குப் பிரியமானது என்று. கால் மணி நேரத்துக்கு முன்புதான் அவளே அதைத் தன் நோட்டில் எழுதியிருந்தாள்!

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். என் வழக்கு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. யந்திரம் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சரியான விடையைத்தான் சொன்னது. ஆனால், கேள்வி பிறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டது. அதனால் அந்த விடை அவள் நோட்டுக்குப் போயிற்று, அவளிடம் போகவில்லை. மரம் வெட்டுகிறவரின் மகள், வெட்டாமல் விட்ட ஒரு மரத்தின் முன்னே வந்து நின்று, "ஏன் வெட்டவில்லை?" என்று கேட்டபோதுதான் கவிதை அவளுக்குக் கிடைத்தது.

அந்த மரத்துக்குச் சொந்தக்காரியைப் பற்றி இரண்டு வார்த்தை. தோரு தத் 1856-ல் கல்கத்தாவில் பிறந்தவள். அண்ணன் 1865-ல் போனான். அக்கா 1874-ல் போனாள். இவளும் 1877-ல், இருபத்தொரு வயதில், போய்விட்டாள். பிரான்சிலும் இங்கிலாந்திலும் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, தகப்பனார் தோட்டத்து மரத்தைப் பார்த்து எழுதிய பாட்டு, அவள் இறந்து ஐந்து ஆண்டுக்குப் பின், 1882-ல்தான் புத்தகத்தில் வந்தது. வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் அவளுக்கும் வயதில் நாலு வருஷந்தான் வித்தியாசம். இதுவும் திரையில் இருந்தது. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று இரண்டு எண்களாக. அவற்றைக் கழித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவரும் கழிக்கச் சொல்லவும் இல்லை.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். அவர்கள் சொல்வது எல்லாம் அபத்தம் என்று நான் சொல்லவில்லை.

"பனியைக் கண்டிராத பிள்ளைக்குப் பனியைப் படத்தில் காட்டினால் என்ன?" என்று கேட்கிறார்கள். காட்டுங்கள். கடற்பறவையையோ பனிமலையையோ ஒரு நிமிஷம் காட்டிவிட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். ஆனால், அது இல்லாமல் இலக்கியமே புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' நாவலை மதுரை வெயிலில் விசிறிக்கொண்டே படித்தவர்கள் நம்மிடையே உண்டு. ருஷ்யப் பனியை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? உறைபனியில் தவித்த பிரெஞ்சுப் படைக்காக அவர்கள் வருந்தவில்லையா? காணாததைக் காணும் சக்தி மனிதனுக்கு உண்டு. அந்தச் சக்தியை வளர்க்கத்தானே இலக்கியத்தைப் பாடமாக வைத்தோம்? அதைப் பயன்படுத்த அவசியமே இல்லாமல் செய்துவிட்டு, அந்த வகுப்புக்கு இலக்கிய வகுப்பு என்று பெயர் எதற்கு?

"உங்கள் பத்திரிகைகள் மட்டும் என்ன யோக்கியம்? தொடர்கதைக்குப் படம் போடவில்லையா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது, மணியம் வரைந்த சித்திரங்களுக்காகவே காத்துக்கிடந்த வீடுகள் உண்டு. ஆனால், அந்தச் சித்திரம் என்ன செய்தது? குதிரையையும் கோட்டையையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. வந்தியத்தேவன் அடுத்த நிமிஷம் என்ன நினைத்தான் என்பதை நாம்தான் எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் கதையைப் படித்தார்கள். படத்தைப் பார்த்ததனால் படிக்காமல் விட்டவர் எவரும் இல்லை. அதே நாவல் 2022-லும் 2023-லும் சினிமாவாக வந்தது. படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்க வந்த இளைஞர்களைப் புத்தகக் கண்காட்சியில் நானே பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். அங்கே சினிமா புத்தகத்துக்கு வாசலாக இருந்தது. நம் வகுப்பறையிலோ அதுவே வாசலை அடைக்கும் கதவாகிவிட்டது. படம் பார்த்தாயிற்று, ஐந்து புள்ளி எழுதியாயிற்று, இனிப் புத்தகம் எதற்கு?

"ஷேக்ஸ்பியர் நடிப்பதற்காக எழுதியதை நடித்துக் காட்டாமல் வேறென்ன செய்வது?" என்பது மூன்றாவது வாதம். இதில் எனக்குப் பூரண சம்மதம். அதே பாடநூலில் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்திலிருந்து, உலகமே மேடை என்று தொடங்கும் பேச்சு ஒன்று உண்டு. முதலில் வகுப்பில் இரண்டு பையன்களை எழுந்து அதைப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பெரிய நடிகர்கள் அதே பேச்சைப் பேசுவதைக் கணினியில் காட்டுங்கள். ஒருவர் கிண்டலாகப் பேசியிருப்பார். மற்றவர் சோகமாகப் பேசியிருப்பார். "இரண்டில் எது சரி? எந்த வார்த்தையை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இந்த வேலைக்கு மடிக்கணினியைப் போன்ற சாதனம் வேறு இல்லை. இதை எத்தனை வகுப்புகளில் செய்கிறோம்?

கடைசியாக, "இது கணினி யுகம் ஐயா!" என்பார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது! ஒவ்வொரு யுகத்திலும் யாரோ ஒருவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடங்களில் புத்தகம் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், பத்தே ஆண்டுகளில் எல்லாம் மாறிவிடும் என்று 1913-ல் எடிசன் சொன்னார், சினிமாவை மனத்தில் வைத்துக்கொண்டு. நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடம் வந்தது. 1984-ல் பள்ளிகளுக்குக் கணினி வந்தது. 2019-ல் நம் மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது பேருதவியாகவும் இருந்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நன்மை செய்தது. எதுவும் ஒரு பிள்ளைக்காகத் தானே படித்துவிடவில்லை. அது யந்திரத்தின் குற்றம் அல்ல. பிறருக்காகச் சாப்பிட முடியாததுபோல, பிறருக்காகப் படிக்கவும் முடியாது.

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. பெரு நாட்டு அரசாங்கம் 2008 முதல் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தது. 319 பள்ளிகளை எடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட முடிவு என்ன? பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. இதிலே என்னைக் கலங்க வைத்த செய்தி ஒன்று உண்டு. அந்த மடிக்கணினிகளில் சுமார் 200 புத்தகங்களையும் ஏற்றியே கொடுத்திருந்தார்கள். அப்படியும் வாசிப்புப் பழக்கம் கூடவில்லை! 2015-ல் ஓ.இ.சி.டி. என்னும் நாடுகளின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கையும் இதே பாட்டைத்தான் பாடியது. பள்ளிக் கணினிகளுக்கு ஏராளமாகச் செலவிட்ட நாடுகளில் வாசிப்புத் திறன் குறிப்பிடும்படி உயரவில்லை. அளவாகப் பயன்படுத்தியவர்கள் சற்று நன்றாகவே இருந்தார்கள்; அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்கள் கீழே போனார்கள். கணினியில் முன்னோடியான ஸ்வீடன், 2023-ல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது. நாம் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருக்கிறோம்.

இதனால் நான் பழைய முறைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் காலத்து வாத்தியார் மட்டும் என்ன வாழ்ந்தார்? எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் வகுப்புக்கு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "எழுதிக்கோ, நாலாவது கேள்விக்கு விடை" என்று ஆரம்பிப்பார். முழுப் பாட்டையும் எங்களிடம் அவர் படித்துக் காட்டியதே இல்லை. கடைத்தெருவில் விற்ற நோட்ஸ்தான் எங்களுக்கு ஷேக்ஸ்பியர், அதுவே மில்டன். வேர்ட்ஸ்வொர்த் எதைப் பார்த்துப் பரவசப்பட்டார் என்று கேட்டால், நோட்ஸின் பக்க எண்ணைச் சொல்லுவோம். இன்றைய ஐந்து புள்ளிகளுக்கும் அன்றைய நோட்ஸுக்கும் என்ன வித்தியாசம்? நோட்ஸுக்கு மின்சார இணைப்புக் கொடுத்திருக்கிறோம், வயலின் வாசித்திருக்கிறோம். அவ்வளவுதான். புதுமை என்று நாம் கொண்டாடுவது, நம் பள்ளிக்கூடங்களின் மிகப் பழைய வியாதியை.

இந்த வியாதி ஏழைப் பிள்ளைகளின் பள்ளியோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு நண்பர். அவர் பேத்தி, கட்டணம் வாங்கும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் அதே பாடநூலைப் படித்தாள். ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மடிக்கணினியில் பாட விளக்கப் படம் ஒன்றை இரட்டை வேகத்தில் ஓட விட்டுக்கொண்டிருந்தாள். என்ன பாடம் என்றேன். "'தி சேர்' தாத்தா. தீம், கேரக்டர் எல்லாம் ஆறு நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றாள்.

"யார் எழுதினது?"

"யாரோ ராஜநாராயணன்."

'யாரோ' ராஜநாராயணன்! கி. ரா.வின் 'நாற்காலி'யை அல்லவா அவள் ஆங்கிலத்தில், அதுவும் படிக்காமலே, பாஸ் பண்ணிக்கொண்டிருந்தாள்! அது தமிழ்க்கதை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் என் அலமாரியிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன். அரை மனசோடுதான் வாங்கினாள். விருந்தாளியாக வந்த சப்ஜட்ஜ் முக்காலியிலிருந்து உருண்டு விழும் இடத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். ஆசை ஆசையாகச் செய்த நாற்காலியை ஊரார் பிணத்தை உட்கார வைக்க இரவல் கேட்டு வரும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நின்று, மறுபடியும் வேறு தினுசாகச் சிரித்தாள். படித்து முடிக்க அரை மணி ஆகவில்லை. "இதுல இவ்வளவு தமாஷ் இருக்குன்னு அந்த வீடியோவில சொல்லவே இல்லையே தாத்தா!" என்றாள். எப்படியம்மா சொல்லும்? தமாஷைச் சுருக்கிச் சொன்னால் அது தமாஷாக இருக்குமா?

இங்கே என் வாசகர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். 2011-ல் நம் மாநில அரசு, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் லட்சக்கணக்கில் கொடுத்தது. பிறகு நின்றுபோயிற்று, 2025 மார்ச்சில் கல்லூரி மாணவர்களுக்கென்று மீண்டும் அறிவிப்பு வந்தது. அன்று நம் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்துகொண்டு நாம் என்ன பேசினோம்? "இலவசம் கொடுத்தே நாட்டைக் கெடுக்கிறார்கள்" என்று பேசவில்லையா? நம் பிள்ளைக்கு நாம் வாங்கிக் கொடுத்தால் அது படிப்புக்கு முதலீடு. தோப்பில் மரம் வெட்டுகிறவர் பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்தால் அது இலவசம்! புத்தகம் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு அந்த யந்திரம் போய்ச் சேர்ந்தது நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். அது போனது தப்பல்ல. போன இடத்தில் அதற்குச் சரியான வேலை கொடுக்காமல் விட்டதுதான் தப்பு. சினிமாப் பாட்டுக் கேட்கத்தான் அது பயன்பட்டது என்று சிரித்தோமே, வகுப்பறையில் நாம் அதற்குக் கொடுத்த வேலை அதைவிட எந்த விதத்தில் உயர்ந்தது?

சரியான வேலை என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதை அலமாரியாக்குங்கள். 1971-ல் அமெரிக்காவில் ஒரு மனிதர் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் காசு இல்லாமல் கிடைக்கின்றன. 1998 முதல் மதுரைத் திட்டத்தார் நம் தமிழ் நூல்களை அப்படியே சேர்த்து வைத்திருக்கிறார்கள். நான் படித்த பள்ளியின் நூலகத்தில் இரண்டு பீரோ, இரண்டுக்கும் பூட்டு, சாவி தலைமை ஆசிரியர் இடுப்பில். இன்று சாவி பிள்ளையின் கையில். ஆனால், பெரு நாட்டுக் கதையை மறந்துவிடக் கூடாது. அலமாரியை வைத்தால் மட்டும் போதாது. "நேற்று என்ன படித்தாய்? எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அதைப் பேனாவாக்குங்கள். எழுதி, அழித்து, மாற்றி எழுத அதைப்போல வசதி எங்கே? மூன்று தரம் திருத்திய கட்டுரை ஒன்று, மனப்பாடம் பண்ணிய முப்பது விடைகளைவிட அதிகம் கற்றுக் கொடுக்கும். கண் தெரியாத பிள்ளைக்கு அதையே கண்ணாக்குங்கள். எழுத்தை ஒலியாக்கிப் படித்துச் சொல்லும் வசதி அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை யாருடைய தயவும் இல்லாமல் தானாகப் படிக்கிறது என்றால், அந்த ஒன்றுக்காகவே யந்திரத்தைக் கண்டுபிடித்தவனைக் கும்பிடலாம்.

தெரியாத உச்சரிப்பைக் கேட்க, காணாத பறவையைக் காண, இரண்டு நடிகர்களை ஒப்பிட, இதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், கவிதையை முதல் தடவை படிப்பது மட்டும் பிள்ளையின் கண்ணும் வாயுமாக இருக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். கருத்துச் சுருக்கம் கடைசியில் வரட்டும். வராமலே போனாலும் குடி முழுகாது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் அந்த ஆசிரியை சொன்னார்: "எனக்கும் அந்த மாதிரிப் பேச ஆசைதான் சார். ஆனா மாசம் எத்தனை பீரியட் திரையில நடத்தினோம்னு கணக்குக் கொடுக்கணும். பிள்ளைங்க என்ன கேள்வி கேட்டாங்கன்னு கணக்குக் கேக்கறவங்க யாரும் இல்லே." இதைவிடப் பெரிய குற்றப் பத்திரிகையை நான் எழுதிவிட முடியாது. திரை எத்தனை மணி எரிந்தது என்பதை எண்ண முடியும், அதனால் எண்ணுகிறோம். ஒரு பெண்ணின் மனத்தில் ஒரு மரம் எப்போது நட்டுக்கொண்டது என்பதை எண்ண முடியாது. அதனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம்.

கி. ரா. தம்மைப் பற்றி வேடிக்கையாக ஒன்று சொல்வதுண்டு. மழைக்குத்தான் தாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும். அப்படி ஒதுங்கியவரைப் பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. அவர் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இல்லை. ஜன்னல் இருந்தது.

கட்டுரையை முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மேல்நிலை வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பாடு ஆனதும் அதன் ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாக ஒன்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். பிள்ளை பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.